தோளில் இரண்டு தட்டு

இந்த ஊரில் மூடி போடாத கோப்பையில் காபியை எடுத்துக்கொண்டு யாரும் படி ஏறுவதில்லை. நீங்களும் மூடி போட்டிருந்தீர்கள், இன்ஸ்பெக்டர். கைப்பிடியையும் விடாமல் பிடித்துக்கொண்டுதான் ஏறினீர்கள். உங்கள் வீட்டில் அப்பாவோ அண்ணனோ எண்ணெய் மேடையில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். அபர்டீனில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் அப்படி வந்ததுதான். காரைக்கூடப் பின்பக்கமாகத்தான் நிறுத்துவோம். தீப்பிடித்தால் நேராக ஓட்டிக்கொண்டு தப்பலாமாம். சூப்பர் மார்க்கெட் வாசலில் தீப்பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அப்படித்தான் நிறுத்துவோம்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன், நீங்களும் சரி என்றீர்கள். நன்றி. பள்ளி நூலகராக இருந்தவள் நான். எழுதினால் ஒழுங்காக வரும். பேசினாலும் ஒழுங்காக வரும். இந்த விஷயத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பிறகு சொல்கிறேன்.

என் கணவர் ஆலிக் மில்ன் உயிர்காப்புப் படகில் இறந்தார். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முகத்தில் சின்னக் குழப்பம் ஒன்று ஓடும். சிரிப்பு வருகிற மாதிரி இருக்கும், சிரிக்கவும் கூடாது. அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். பல மேடைகளில் சொல்லிப் பார்த்ததில் கற்றுக்கொண்டது அது.

மேடை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆலிக் வேலை பார்த்தது கடலுக்கு நடுவே நிற்கும் எண்ணெய் மேடையில். அங்கே அவர்தான் உயிர்காப்புப் படகை ஓட்டுபவர். அவ்வப்போது ஒத்திகைக்காக அந்தப் படகை ஆட்களோடு கடலில் இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் இரண்டு கொக்கிகளில் மாட்டி மேலே தூக்குவார்கள். அன்று பாதி உயரத்தில் பின்கொக்கி திறந்துகொண்டது. படகு வால்பக்கமாகக் கடலில் விழுந்தது. அதில் இருந்தவர்களில் ஆலிக் மட்டும் இறந்தார். கலம் டத்தி என்ற இளைஞனுக்கு இரண்டு காலும் நொறுங்கின. விசாரணை நடந்தது. கொக்கி ஏன் திறந்தது என்று தெரியவில்லை என்று, அப்படிச் சொல்வதற்குத் தேவைப்படுவதைவிட அதிகமான பக்கங்களில் எழுதினார்கள்.

அடுத்த வசந்தத்தில் வடகடல் எரிசக்தி மாநாட்டுக்கு என்னை அழைத்தார்கள்.

நீங்கள் அங்கே காவலுக்கு வந்திருப்பீர்கள், உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய்க்காரர்கள், காற்றாலைக்காரர்கள், அரசாங்கத்துக்காரர்கள் எல்லாரும் இரண்டு நாள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கடலின் எதிர்காலத்தைப் பேசுவார்கள். எண்ணெய்க்காரர்கள் காற்றாலைக்காரர்களை விசிறி விற்பவர்கள் என்பார்கள். அவர்கள் இவர்களை டைனோசர் என்பார்கள். சாப்பாட்டு மேசை மட்டும் வேறு வேறு. மழைச்சட்டையைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கடையில் வாங்கினது தெரியும். அமைச்சர் ஒருவர் வந்து 'மாற்றம்' என்ற சொல்லைப் பலமுறை சொல்லிவிட்டு, எதையும் மாற்றாமல் ரயிலைப் பிடிப்பார். மதியம் புகைபோட்ட மீன் சூப் நன்றாக இருக்கும். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

எங்கள் தொழிலில் எந்தக் கூட்டமும் பாதுகாப்பு நிமிடம் இல்லாமல் தொடங்காது. ஒருவர் எழுந்து ஏதாவது ஓர் ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஈரமான தரை, ஏணி, கண்ணாடி அணியாமல் புல்வெட்டிய மைத்துனன், இப்படித்தான் இருக்கும். அந்த வருடம் அந்த நிமிடத்தை எனக்குக் கொடுத்தார்கள். நிமிடம் என்றுதான் பெயர். எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள்.

நான் பேசி முடித்தபோது அந்தப் பெரிய மண்டபத்தில் யாரும் இருமவில்லை. நாற்பது வருடம் பள்ளி நூலகத்தில் 'சத்தம் போடாதே' என்று சொல்லியும் எனக்குக் கிடைக்காத அமைதி அது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அழைத்தார்கள். கடலைப் பார்த்த அறை கொடுத்தார்கள். முதல் வரிசையில் என் பெயர் எழுதிய நாற்காலி இருந்தது. எண்ணெய்க் கம்பெனித் தலைவர்கள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்கள். ஆலிக் உயிரோடு இருந்திருந்தால் அந்த மண்டபத்தில் என்னைக் கோட்டு மாட்டும் இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள். இதை மனக்கசப்பில் சொல்லவில்லை.

கதை கொஞ்சம் கொஞ்சமாக மெருகேறியது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். இறப்பதற்கு முந்தைய இரவு ஆலிக் எனக்குப் போன் செய்தார் என்பது உண்மை. 'அந்தக் கொக்கி எனக்குப் பிடிக்கல எல்ஸ்பெத்' என்று அவர் சொன்னதாக மூன்றாம் வருடத்திலிருந்து நான் சொல்லிவந்தேன். உண்மையில் அவர் பேசியது முழுக்கத் தலையணையைப் பற்றி. பக்கத்துப் படுக்கைக்காரன் நல்ல தலையணையை எடுத்துக்கொண்டானாம். ஆனால் தலையணையை வைத்துக்கொண்டு ஒரு மண்டபத்தை என்ன செய்ய முடியும்? கொக்கி என்று சொன்னதும் ஒரு நிர்வாக இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கடுத்த வருடம் ஓர் அமைச்சர் என் ஆலிக்கை 'கேட்கப்படாத குரல்' என்று பார்லிமெண்டில் சொன்னார். தலையணைக்காரர் அந்த அளவுக்கு உயர்ந்தது எனக்கு மகிழ்ச்சிதான்.

இனி கலம் டத்தி.

அவன் என் பள்ளியில் படித்தவன். படகுப் படம் போட்ட புத்தகங்களைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான். தொட்டதையும் திருப்பித் தரமாட்டான். கால்களில் கம்பி வைத்துத் தைத்தபின் கடல் வேலையை விட்டுவிட்டுப் படித்தான். காற்றாலைகளுக்கு ஆள் கொண்டுபோகும் படகுகளின் பாதுகாப்புப் பொறுப்புக்கு வந்தான். இந்த வருடம் மாநாட்டுக்கே தலைவன். அப்போதும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவான். நல்லவன். இதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. அவனைப் பற்றி நான் தவறாகச் சொன்னதாக எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

முதல் நாள் மதியம் சூப் கிண்ணத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். வேறு யாரும் அந்த மேசைக்கு வரவில்லை. விதவையும் தலைவரும் பேசிக்கொண்டிருந்தால் மரியாதையாக ஒதுங்கிப்போவது அங்கே வழக்கம். கரண்டியைச் சூப்பில் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, நாளை மதியம் நிறைவுக் கூட்டத்தின் பாதுகாப்பு நிமிடத்தைத் தானே பேசப்போவதாகச் சொன்னான்.

"உங்க அஞ்சு நிமிஷத்த நான் எடுத்துக்கிறேன் மிஸ். இந்த ஒரு தடவ."

எதற்கு என்று கேட்டேன்.

அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். படகைக் கொக்கியில் மாட்டியதும், அது திறந்துகொள்ளாமல் இருக்க ஓர் இரும்பு ஊசியை அதில் செருக வேண்டும். ஓட்டுபவர் போடுவார். பக்கத்திலிருக்கும் துணையாள் அதைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, பிறகு ஓட்டுபவரின் தோளில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால்தான் தூக்கச் சொல்வார்கள். அன்று துணையாள் கலம்.

"சனிக்கிழம மிஸ். சனிக்கிழமன்னா மேடையில மாட்டுக்கறி ஸ்டேக் போடுவாங்க, உங்களுக்குத் தெரியுமே. லேட்டாப் போனா நல்ல துண்டெல்லாம் காலி. ஆலிக் திரும்பிக்கூடப் பாக்கல. 'ஆச்சு, ஆச்சு, தட்டுடா, கறி ஆறுது'ன்னாரு. நான் பாக்காம தட்டிட்டேன்."

ஊசி போடப்படவில்லை. விழுந்த பிறகு அது ஆலிக்கின் மேல்சட்டைப் பையில் இருந்ததைப் பார்த்தவன் கலம்தான். கால் நொறுங்கிக் கிடந்தவன் அதை எடுத்துக் கடலில் போட்டிருக்கிறான். விசாரணையில் எதுவும் பார்க்கவில்லை என்றிருக்கிறான். தன் மனைவி ரோனாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

நான் அதை உடனே நம்பிவிட்டேன். 'ஆச்சு, ஆச்சு' என்பது ஆலிக்கின் வாயிலிருந்து மட்டுமே வரக்கூடியது. எங்கள் வீட்டில் அவர் 'ஆச்சு' என்று சொல்லி முடித்த அலமாரி ஒன்று இருக்கிறது. அதன்மேல் உருண்டையான எதையும் வைக்க முடியாது.

இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். காற்றாலைப் படகுகளில் இதே பழக்கம் தொற்றிக்கொண்டது என்றான். பார்க்காமல் தட்டுகிறார்கள். தட்டு விழுந்ததும் தட்டு வாங்கியவரும் பார்ப்பதில்லை. பார்த்தால் துணையாளை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். போன மாதம் இரண்டு பேர் மயிரிழையில் தப்பினார்கள். தட்டு வாங்குபவரும் தன் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவர நாளை மாநாட்டில் வாக்கெடுப்பு. அது தோற்றுப்போகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வேலை தாமதமாகும் என்று இரண்டு மேசைக்காரர்களும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் ஜெயிக்கும் என்றான்.

"யாராவது செத்துருவாங்க மிஸ். இந்த வருஷமே."

"ஆலிக் பேர் கெட்டுப்போகுமே கலம்."

"என் பேர்தான் கெடும். தட்டினவன் நான்."

பிறகு என் கையைத் தொட்டு, இத்தனை வருடம் நான் கொக்கியைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் முதல் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து செத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அந்தப் போன் பேச்சு நிஜமில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆலிக் பேசும்போது தலையணையைத் தராத அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரன் அவன்தான். அதை வெளியே சொல்ல மாட்டேன் என்றான். நான் இனி ஓய்வெடுக்கலாம் என்றும் சொன்னான்.

ஓய்வு. எனக்கு அறுபத்தெட்டு வயது, இன்ஸ்பெக்டர். வருடத்தில் மாநாட்டைத் தவிர மற்ற எல்லா நாளும் ஓய்வுதான்.

சூப் நன்றாக இருக்கிறது, ஆறுவதற்குள் குடி என்றேன்.

இரண்டாம் நாள் காலை, துறைமுகத்தில் தலைவர் குதிப்பது வழக்கம். உயிர்காப்புச் சங்கத்துக்கு நிதி சேர்க்க எப்போதோ ஆரம்பித்தது. கடலில் விழுந்தாலும் குளிர் ஏறாத ரப்பர் உடுப்பைப் போட்டு, மேலே காற்றுப் பிடிக்கும் ஜாக்கெட்டை மாட்டி, தலைவர் கப்பல்துறையிலிருந்து தண்ணீரில் குதிப்பார். மேலே வந்து கையாட்டுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். மீட்புப் படகு அவரை அள்ளிக்கொண்டு வரும். மார்ச் மாதத் தண்ணீர்; வெறும் உடம்போடு விழுந்தால் மூச்சே நின்றுவிடும். உடுப்பு இருந்தால் ஒன்றும் ஆகாது. குதிக்குமுன் துணையாள் ஒருவர் உடுப்பைச் சோதித்துத் தோளில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். சில வருடங்களாக அந்தத் துணையாள் நான். விதவையின் கை தலைவரின் தோளைத் தட்டுவது படத்துக்கு நன்றாக இருந்தது.

கடல்மூட்டம் அப்போதுதான் விலகியிருந்தது. மாநாட்டுக்காரர்கள் எல்லாரும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கீழே மீட்புப் படகில் டோடி இருந்தான். இவனும் என் பள்ளிக்காரன்தான்.

"இறுக்கிக் கட்டுங்க மிஸ்," என்று கத்தினான். "இன்னிக்கு மத்தியானம் அவன் ரொம்ப நேரம் பேசப்போறானாம்."

எல்லாரும் சிரித்தார்கள். கலமும் சிரித்தான். கைகளை விரித்து, கண்ணைத் தூரக் கடலில் வைத்துக்கொண்டு நின்றான். சோதிக்கப்படுகிறவர் அப்படித்தான் நிற்க வேண்டும். எந்த வழக்கத்தை மதியம் ஒழிக்க நினைத்தானோ அதன்படி காலையில் கச்சிதமாக நின்றான்.

முதலில் ஜிப். இடுப்பிலிருந்து கழுத்துவரை சாய்வாக வரும் பெரிய ஜிப். அதன்மேல் ஒரு மடிப்பு மூடிக்கொள்ளும். கழுத்துக்கு ஒரு சாண் கீழே நிறுத்தி, மடிப்பை ஒழுங்காக அழுத்தி ஒட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் மூடியிருந்தது. என் எண்ணம், அவன் நன்றாக நனைந்து, நடுங்கி, மதியம் முழுக்கப் போர்வைக்குள் கிடக்கட்டும் என்பதுதான். எழுதாமல் வாயால் சொல்லியிருந்தால் இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். நானே பல வாரம் இவ்வளவோடுதான் நிறுத்திவைத்திருந்தேன்.

அடுத்து கவட்டு வார். ஜாக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து இரண்டு காலுக்கும் நடுவே வந்து முன்னால் மாட்டும் வார் அது. அதை மாட்டாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே போகும், ஆள் கீழே நிற்பார். ஒரு விதவை குனிந்து ஒரு தலைவரின் கால்களுக்கு நடுவே கையை விடும் அந்த இடத்தில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு ஜோக் அடிப்பார்கள். பிறகு கண்ணியமாக எல்லாரும் கடற்காகங்களைப் பார்ப்பார்கள். அத்தனை பேரும் பாதுகாப்பு நிபுணர்கள். அமைச்சர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். படம் எடுத்தவர்கூடக் காமிராவைத் திருப்பிவிட்டார். நீங்கள் பலமுறை போட்டுப் பார்த்த அந்த வீடியோவில் சரியாக அந்த நேரத்தில் ஒரு காகம் வருவது அதனால்தான். அந்த நல்ல மனிதர்கள் கொடுத்த நேரம் எனக்குத் தாராளமாகப் போதும்.

"மெதுவா மிஸ், கூச்சமா இருக்கு," என்றான் கலம்.

வாரை முன்னால் கொண்டுவந்தேன். கொக்கியின் மேல் வைத்தேன். மாட்டவில்லை.

ஆளை நனைக்க ஜிப் போதும். வாரை எதற்காக விட்டேன் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. எழுதும்போது நானே பார்த்துவிட்டேன்.

நிமிர்ந்து அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

குதித்தான். ஜாக்கெட் உடனே மேலே வந்தது. அவன் கொஞ்சம் பிந்தி வந்தான், ஜாக்கெட்டுக்குக் கீழே. காற்று நிரம்பிய அந்த மஞ்சள் மூட்டைக்கு மேல் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. ஆட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். டோடியின் படகு கொஞ்சம் தள்ளி நின்றது. அமைச்சர் நிற்கும் படத்தில் அது மறைக்கிறது என்று காமிராக்காரர் ஒதுங்கச் சொல்லியிருந்தார்.

எங்கள் தொழிலில் யார் வேண்டுமானாலும் எந்த வேலையையும் 'நிறுத்து' என்று சொல்லலாம். துடைப்பம் பிடிப்பவர் தலைவரையே நிறுத்தலாம். அந்த உரிமையை அச்சடித்த அட்டை அங்கே நின்ற அத்தனை பேர் கழுத்திலும் தொங்கியது. என் கழுத்திலும்.

ரோனா என் பக்கத்தில் நின்றாள். அவள்தான் முதலில் கைதட்டுவதை நிறுத்தினாள்.

"அவன் கையாட்டல," என்றாள். "எல்ஸ்பெத், அவன் கையாட்டல."

அவள் கம்பியைத் தாண்டி முன்னால் போகப் பார்த்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விளையாடுறாம்மா," என்றேன். "சின்னதுலயே அப்படித்தான்."

அவள் என்னை நம்பினாள். கொஞ்ச நேரம்தான். தண்ணீரில் அது நிறைய நேரம்.

டோடி அவனைப் படகில் இழுத்துப் போட்டபோது உடுப்புக்குள்ளிருந்து தண்ணீர் வாளி வாளியாகக் கொட்டியது. குளிரின் அதிர்ச்சியும் நீரும் என்று டாக்டர் சொன்னார். வாரின் கொக்கி பழையது, தானாகக் கழன்றிருக்கும் என்று ஆய்வில் சொன்னார்கள். திறந்த ஜிப்புக்கும் ஏதோ காரணம் எழுதினார்கள். அந்த உடுப்பைச் செய்தவர்கள் எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு மலர் அனுப்பியிருந்தார்கள். டோடி மட்டும் அதற்குப் பிறகு என் தெருவில் வந்தால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறான். தன்மேல்தான் தப்பு என்று நினைக்கிறான் போல. அவனிடம் சொல்லிவிடுங்கள்.

மாநாட்டை ரத்து செய்யலாமா என்று பேசினார்கள். கலம் அதை விரும்பியிருக்க மாட்டான் என்று யாரோ சொன்னார்கள். செத்தவர்கள் எதை விரும்பியிருக்க மாட்டார்கள் என்பது எப்போதும் யாருக்காவது தெரிந்திருக்கிறது. ஃபெர்கஸ் என்ற ஒருங்கிணைப்பாளர் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறைவுக் கூட்டத்தில் நான் இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். ஐந்து நிமிடம் போதும் என்றேன்.

அன்று பேசினதுபோல நான் என்றும் பேசினதில்லை. 'ஆலிக்குக்காகக் குதிக்கிறேன் மிஸ்' என்பதுதான் கலம் கடைசியாகச் சொன்னது என்றேன். கூச்சமாக இருக்கிறது என்பதை எப்படிச் சொல்ல முடியும்? எண்ணெய் மேசையும் காற்றாலை மேசையும் கட்டிப்பிடித்து அழுதன. அமைச்சர் ரயிலைத் தவறவிட்டார்.

தட்டு வாங்குபவரும் பார்க்க வேண்டும் என்ற அந்த விதியை மட்டும், இந்தத் துக்கமான சூழ்நிலையில் வாக்கெடுப்பு பொருத்தமாக இருக்காது என்று தள்ளிவைத்தார்கள். அதற்குப் பதிலாக, இனி எந்தத் தலைவரும் துறைமுகத்தில் குதிக்கக் கூடாது என்று ஒரு விதியை ஒருமனதாக நிறைவேற்றி, அதற்குக் கலமின் பெயரை வைத்தார்கள்.

மே மாதத்தில் ஒரு காற்றாலைப் படகில் ஊசி போடாத கொக்கி திறந்து ஒரு பெண் இறந்தாள். துணையாள் பார்க்காமல் தட்டியிருந்தான். அவள் பெயரைச் செய்தியில் சொன்னார்கள், எனக்கு நினைவில் நிற்கவில்லை. கணவன் வெல்டிங் வேலை செய்பவன், நாலு பேருக்கு முன்னால் பேச வராதவன் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆலிக்கின் பெயரைக் காப்பாற்றத்தான் செய்தேன். முப்பத்தொரு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர். ஒரு துண்டுக் கறிக்காக ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்களைத் தூக்கச் சொன்னவர் என்று அவரை ஊர் நினைக்கக் கூடாது. ஒரு மனைவி அதற்காக எவ்வளவு தூரமும் போவாள். இதை உங்களால் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் இப்போது ஏன் வந்தீர்கள், யாருமே சந்தேகப்படவில்லையே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். நியாயமான கேள்வி.

போன வாரம் ஃபெர்கஸ் போன் செய்தான். சுற்றிவளைத்துப் பேசினான். வரும் வருடம் பாதுகாப்பு நிமிடத்தை ரோனாவுக்குக் கொடுக்கலாம் என்று குழுவில் எல்லாரும் நினைக்கிறார்களாம். இளம் விதவை, இரண்டு குழந்தைகள், காயம் இன்னும் புதிது என்றான். நான் முதல் வரிசையில் உட்காரலாம், நாற்காலி அப்படியே இருக்கும். "நீங்களும் எவ்வளவு நாள்தான் பேசுவீங்க, பாவம்," என்றான்.

மறுநாள் ரோனாவே வீட்டுக்கு வந்தாள். எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரக் கேட்டாள். நடுக்கூடத்தில் நிற்கவைத்துப் பேசச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடினாள். ஓட வேண்டிய இடத்தில் அழுதாள். கலம் கையாட்டிய இடத்துக்கு வந்தபோது, 'நான் அப்பவே ஓடியிருக்கணும் எல்ஸ்பெத்' என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். நல்ல பெண். ஆனால் அவள் கையில் அந்தக் கதை வீணாகப் போகும் என்று தெரிந்துவிட்டது. அதில் பாதிதான் அவளுக்குத் தெரியும்.

முழுவதும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் மறுநாள் காலையே கோட்டைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்தேன். உண்மை வெளியே வர வேண்டும் என்பது ஒன்றுதான் காரணம். ஊசி, கறி, தலையணை எல்லாவற்றையும் மேலே எழுதிவிட்டேன். ஆலிக்கின் பெயர் இதோடு போய்விடும். அதை நினைத்தால் வலிக்கும் என்று எதிர்பார்த்தேன், அவ்வளவாக வலிக்கவில்லை. கலமைக் கொன்றது நான். தெரிந்து, திட்டமிட்டு, என் கையாலேயே செய்தேன். இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்காக இன்னொருவர் பேசுவது சரிப்படாது. நீதிமன்றம் பெரிய மண்டபம்தானா, பொதுமக்களை உள்ளே விடுவார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள். எனக்கு எவ்வளவு நேரம் தருவார்கள் என்பதையும் கேட்டுவையுங்கள். ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிட முடியாது.